கோழி இருமிய நாட்கள்

ஓடாத எஞ்சினைக் கண்டு பயப்படாதீர்கள், தம்பிமாரே. அது நேர்மையான எஞ்சின். "என்னால முடியலை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. பிரித்துப் போட்டுத் தேடலாம், கண்டுபிடிக்கலாம், பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். பயப்பட வேண்டியது, நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு தடவை இருமிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி ஓடுகிற எஞ்சினுக்குத்தான். நீங்கள் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் இருமாது. கையைக் கழுவப் போனால் இருமும்.

புதிதாகக் கராஜ் வேலைக்கு வந்திருக்கிற உங்களிடம் யாரோ, "ராசண்ணன் பிளேனையே ரிப்பேர் பண்ணவரு" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். போன மாதம் நான் வேலையை விட்டு நின்ற அன்று என் கழுத்தில் மாலை போட்டபோதுகூட அதையே சொன்னார்கள். பொய்யில்லை, பாதிக் கதை. மீதியை நானே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது என்னை வீரனாக்கிவிடுவார்கள், என் பெண்டாட்டி சிரித்துச் சிரித்து மூச்சடைத்துப் போவாள்.

அறுபதுகளின் பின்பகுதி. எனக்கு முப்பது வயதிருக்கும். பதுளைக் கடைவீதியில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார் ஒரு முஸ்லிம் முதலாளி. பிள்ளைகள் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள், அதனால் பேர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் மொதலாளி என்றே கூப்பிட்டோம். இளவயதில் கொழும்பில் இருந்தபோது விமானம் ஓட்டப் படித்தவர். தகப்பனார் காலமானதும் கடையைப் பார்க்க வந்தவர், இருபது வருடம் பிரேக் ஷூவும் ஃபேன் பெல்ட்டும் விற்றார். விற்றுக்கொண்டே, கடைக்குப் பின்னால் இருந்த சாமான் கொட்டகையில் ஒரு விமானத்தைக் கட்டினார்.

சின்ன விமானம். மரச்சட்டம், மேலே துணி, துணி மேல் வார்னிஷ். ஒரே ஆள் உட்காரலாம், அவரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். வண்டு மாதிரி ஒரு ஜெர்மன் கார் இருக்கிறதே, அதன் எஞ்சினை மூக்கில் மாட்டியிருந்தார். பசறை வளைவில் உருண்டுபோன ஒரு காரிலிருந்து கழற்றியது. எல்லாம் சேர்த்து நாலு வருட வேலை. ஊர் அதற்குக் கோழி என்று பேர் வைத்தது. ஓடும், சிறகடிக்கும், பறக்காது என்று அர்த்தம். மொதலாளிக்கு அந்தப் பேர் பிடித்துப்போய் அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. நான் ரொம்பப் பெருமைப்பட்டேன். அது எங்கேயிருந்து பறக்கப் போகிறது என்று பார்க்கும் வரைக்கும்.

பதுளையில் சமதரை என்று சொல்ல ஒன்றுமில்லை. பண்டாரவளையைத் தாண்டி அப்புத்தளை போகிற வழியில் ஒரு தோட்டத்துக்குச் சொந்தமான பத்தனை இருந்தது, அதாவது தேயிலை நடாமல் விட்ட புல்வெளி. மூன்று ஃபுட்போல் கிரவுண்டை வரிசையாக வைத்த நீளம். நாலாவது கிரவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. புல் முடிகிற இடத்தில் மலையும் முடிந்தது. கீழே மேகம். மேகத்துக்குக் கீழே எங்கேயோ தேயிலை.

"அது வசதிதான் ராசு," என்றார் மொதலாளி. "ஓரத்துக்குப் போறப்ப கோழி பறந்துக்கிட்டு இருந்தா, கீழே எவ்வளவு பள்ளமா இருந்தா நமக்கென்ன?"

பறந்துகொண்டு இல்லாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்று பயம்.

லொறியில் ஏற்றிக்கொண்டுபோய், பத்தனை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, இறக்கைகளைப் பூட்டினோம். கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்து, தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, அந்தப் பத்தனைக்கு மேல் மட்டும் பறக்கலாம் என்று கடிதம் கொடுத்தார். மாதக் கடைசி வரைக்கும்தான் அது செல்லும். ஐப்பசி பிறந்திருந்தது. காலையில் மூடுபனி, நடுப்பகலில் கொஞ்சம் வெயில், பின்னேரம் மழை. அந்தக் கொஞ்சத்துக்குள் பறக்க வேண்டும்.

அதிகாரி போன மறுநாள் கோழி இருமியது.

காலையில் மொதலாளி உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார். நான் முன்விசிறியைக் கையால் சுற்றிக் கிளப்பினேன். பட்டென்று பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் போனதும் "பட், பட், ... பட்" என்று ஒரு துடிப்பு காணாமல் போனது. மறுபடி சரி. மறுபடி இருமல். நான் கார்புரேட்டரைத் தட்டினேன். பத்து நிமிடத்தில் இருமல் நின்று சங்கீதம் மாதிரி ஓடியது.

"கார்புரேட்டர்ல தூசி மொதலாளி," என்றேன்.

அடுத்த நாள் காலையில் மறுபடி. பிளக்குகளைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் சரியானது. "பிளக்குல கரி மொதலாளி." அதற்கடுத்த நாள் பெட்ரோலை வடிகட்டினேன். அதற்கடுத்து வயர்களை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் நான் எதைத் தொட்டேனோ அதுதான் பழுது, தொட்டதும் குணம். ஏழு தடவை அந்த எஞ்சினைக் குணப்படுத்தினேன், தம்பிமாரே. ஏழு தடவை குணமான நோயாளிக்கு நோய் என்னவென்று வைத்தியனுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கொட்டகைக்குப் பின்னால் இருந்த சவுக்கு மரங்கள் பக்கம் பயத்தில் ஒரு காலையில் எத்தனை தடவை ஒதுங்க முடியும் என்பது மட்டும்தான்.

பழுது தீப்பொறியில்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த எஞ்சினுக்கு பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ என்று ஒரு பெட்டி, எஞ்சின் சுற்றச் சுற்றத் தானே கரண்ட் உண்டாக்கி, மூடியில் இருக்கும் நாலு துளை வழியாக நாலு பிளக்குக்கு முறை வைத்து அனுப்பும். அந்தப் பெட்டியை மொதலாளி எஞ்சினின் பின்பக்கத்தில் பூட்டியிருந்தார். அதற்கும், எஞ்சினையும் ஓட்டுபவரையும் பிரிக்கிற பின்தகட்டுக்கும் நடுவில் கை போகும், தலை போகாது. அதனால் இருமிய ஒவ்வொரு நாளும், எஞ்சினை நிறுத்தியதும் நான் செய்வது: கையை விட்டு, பெட்ரோலில் நனைத்த துணியால் மூடியை நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகு கழற்றி வெளியே எடுத்துப் பார்ப்பது. துடைக்காமல் திறந்தால் தூசி உள்ளே விழும் அல்லவா? நான் ஒழுங்கான மெக்கானிக். மூடி ஒவ்வொரு தடவையும் பளபளவென்று இருந்தது. விரிசல் இல்லை, ஈரம் இல்லை, ஒன்றும் இல்லை.

பத்தனையில் செல்லாயி என்று ஒரு பெண் இரண்டு மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண், காலையில் கொழுந்து பறிக்கப் போகாத நாளெல்லாம் அங்கேதான். எங்களுக்கு அவளே பார்வையாளர், அவளே விமர்சகர்.

"அண்ணே," என்றாள் ஒரு நாள். "நீங்க மத்தியானம் தனியா ஓட்டுறப்ப நல்லாத்தானே ஓடுது? மொதலாளி ஏறினாத்தான் இருமுது."

"மத்தியானம் வெயில். காலையில மூடுபனி. பனி ஒத்துக்கலை, அவ்வளவுதான்."

"நேத்துக் காலையில மொதலாளி வரலையே. பனி மாடே தெரியாத அளவுக்கு இருந்துச்சு. நீங்க தனியாத்தான் ஓட்டினீங்க. இருமலையே?"

அவள் சொன்னது சரி. பனி மட்டும் காரணமில்லை. மொதலாளி ஏறினால் மட்டும்தான் அது இருமுகிறது.

ஒரு மெக்கானிக் இந்த இடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் பண்டாரவளைச் சந்தைக்கு ஓடினேன். மொதலாளியின் எடைக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி வந்து, சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு, மறுநாள் காலை பனியிலேயே எஞ்சினைக் கிளப்பினேன். ஆளின் பாரத்தில் ஏதாவது வயர் இழுபடுகிறதோ என்று என் கணக்கு. அரை மணி நேரம் ஓடியது. ஒரு தும்மல்கூட இல்லை.

"கெழங்குக்கு நல்லாத்தான் ஓடுது," என்றாள் செல்லாயி. "கெழங்கையே பறக்கச் சொல்லுங்க."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்தது பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையில். அங்கே ஒரு ஆள் உயரத்துக்கு டீசல் எஞ்சின் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் விபூதியைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் அதன் நெஞ்சில் பட்டை போட்டுவிட்டுத்தான் கிளப்புவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கராஜுக்கு வந்த பிறகும், மனசு பதறுகிற வேலை என்றால் ரேடியேட்டர் முகப்பில் ஒரு சின்னப் பட்டை போட்டுவிடுவேன். கோழிக்கு ரேடியேட்டர் இல்லை. முன்னால் போட்டால் மொதலாளி பார்ப்பார். தொழுகை தவறாத மனிதர். அவருடைய விமானத்தில் நான் விபூதி பூசுவதை என்னவென்று நினைப்பாரோ என்று கூச்சம். சிரித்துவிட்டால் அதைவிடக் கூச்சம். அதனால் அவர் ஏறுகிற காலைகளில், அவர் வருவதற்கு முன், எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தடவித் தடவி ஒரு பட்டை போட்டுவிடுவேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே நான் சொன்னதில்லை. அது வேலையில் சேர்த்தி இல்லை, மூச்சு விடுவது மாதிரி.

உருளைக்கிழங்கு விழுந்தால் யாருக்கு என்ன? அதற்கு நான் பட்டை போடவில்லை.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. புதன்கிழமை பின்னேரம் மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போனேன். "பழுது என்னன்னு தெரியலை மொதலாளி" என்று சொல்லத்தான் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் கோழியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ராசு, இருமல் எப்படி?" என்றார் மொதலாளி.

"நின்னுருச்சு மொதலாளி."

"என்ன பழுதாம்?"

"வயர்ல ஒரு லூசு. முறுக்கி விட்டுட்டேன்."

"கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை காலையில ஏறிர்றேன். ஒரு சுத்து சுத்தி எறங்கிட்டு, ஜும்மாத் தொழுகைக்குப் பண்டாரவளைப் பள்ளிக்குப் போயிரலாம்." பிறகு என் தோளில் கை வைத்தார். "நீ சரின்னு சொன்னாப் போதும். வேற யாரும் சொல்ல வேண்டாம்."

நாலு பேர் முன்னால் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பதற்காக ஒரு மனிதனின் உயிரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. நனைந்தது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் பத்தனைக்குப் போய்விட்டேன். பனி தரையோடு தரையாகக் கிடந்தது. என் பையில் கதிர்காமக் கோயிலிலிருந்து வந்த விபூதி ஒரு பொட்டலம் இருந்தது. வழக்கமாக ஒரு சிட்டிகை. அன்றைக்கு இருந்த பயத்துக்கு முழுப் பொட்டலத்தையும் ஒரு கிண்ணத்தில் குழைத்தேன். கையை உள்ளே விட்டு ஒரு பட்டை. போதாது என்று பட்டது. இன்னொன்று. அதற்கு மேலும் ஒன்று.

மொதலாளி வெள்ளைச் சட்டையும் காதை மூடும் தோல் தொப்பியுமாக வந்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். செல்லாயி மாடுகளை ஓரமாகக் கட்டிவிட்டு, குந்தி உட்கார்ந்தாள்.

கோழிக்கு பிரேக் கிடையாது. வாலைக் கயிறு போட்டு சவுக்கு மரத்தில் கட்டியிருப்போம், சக்கரத்துக்கு முன்னால் கல். எஞ்சின் பிடித்ததும் நான் கல்லை எடுத்துவிட்டு, பின்னால் ஓடி, கயிற்றை அவிழ்த்து, வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். மொதலாளி முழு வேகம் கொடுத்துப் பார்த்து, திருப்தி என்றால் கையைத் தூக்குவார். கையைத் தூக்கினால் நான் விட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

பனி விலகி ஓரம் தெரிந்தது. "இப்பப் போனாத்தான் உண்டு. சுத்து!" என்றார் மொதலாளி. சுற்றினேன். பிடித்தது. கல்லை எடுத்தேன், ஓடினேன், கயிற்றை அவிழ்த்தேன், வாலைப் பிடித்தேன். எஞ்சின் உறுமியது. என் முகத்தில் புல்லும் பனித்தண்ணீரும் அடித்தன.

அந்த உறுமலுக்குள் ஒரு துடிப்பு காணாமல் போனது.

ஒன்றே ஒன்று. தோல் தொப்பிக்குள் இருந்த மொதலாளிக்குக் கேட்டிருக்காது. செல்லாயிக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்காத ஒரு சத்தம் கேட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த மேஸ்திரியும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மொதலாளி கையைத் தூக்கினார்.

நான் விடவில்லை.

யோசித்து எடுத்த முடிவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். முடிவெடுக்கிற நிலையில் நான் இல்லை. விரல் விறைத்துவிட்டது. "விடு" என்று மூளை சொல்கிறது, "மாட்டேன்" என்று கை சொல்கிறது. மொதலாளி திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"விடு ராசு! விடுடா!"

கோழி நகர ஆரம்பித்தது. ஈரப்புல்லில் என் கால் வழுக்கியது. குப்புற விழுந்தேன், கை மட்டும் வாலில். நெஞ்சு தரையில் தேய, வாயில் புல்லும் செல்லாயி மாட்டின் சாணியுமாக, மலையின் ஓரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தேன். "ஐயோ, அண்ணனை இழுத்துக்கிட்டுப் போவுதே!" என்று அவள் கத்தியது கேட்டது. என் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதல் கிரவுண்டு தாண்டியது. எஞ்சின் ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு வரிசையாக நாலைந்து, கிழவன் மார்ச்சளி மாதிரி. கோழியின் வேகம் குறைந்தது. மொதலாளி ஸ்விட்சை அணைத்தார்.

இரண்டாவது கிரவுண்டின் நடுவில் நின்றோம்.

அவர் இறங்கி வந்தார். ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் இன்னும் வாலை விடவில்லை.

"எறங்கிட்டேன் ராசு. இப்பவாவது விடு."

செல்லாயி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள்.

"ஏன் விடலை?" என்றார் மொதலாளி.

"பொய் சொல்லிட்டேன் மொதலாளி. வயர்ல லூசு இல்லை. நான் ஒண்ணையும் பார்க்கலை. என்ன பழுதுன்னே எனக்குத் தெரியாது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தெரியாதுன்னு புதன்கிழமையே சொல்லியிருந்தா, ரெண்டு பேருமாத் தேடியிருக்கலாமே," என்றார்.

பிறகு எழுந்தார். நான் பழக்க தோஷத்தில் பெட்ரோல் துணியை எடுத்தேன்.

"நில்லு. இது இருமும்போது நீ மொதல்ல என்ன செய்வே?"

"மூடியைத் துடைப்பேன்."

"துடைச்சிட்டு?"

"கழட்டிப் பார்ப்பேன்."

"என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது மொதலாளி. சுத்தமா இருக்கும்."

மொதலாளி என் கையில் இருந்த துணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"துணியைக் கீழே போடு," என்றார் மொதலாளி.

லொறியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு டார்ச் லைட். தலை போகாத இடத்தில் கண்ணாடியை விட்டுச் சாய்த்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே மெதுவாகக் கேட்டார்:

"ராசு, இது யாரு நெத்தி?"

நான் எட்டிப் பார்த்தேன். மேக்னெட்டோ மூடியின் மேல், ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, ஈரம் காயாமல், அழகாக, அகலமாக, பட்டை பட்டையாக விபூதி. நடுவில் ஒரு இடத்தில் கரண்ட் பாய்ந்து மெல்லிய கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

"என்னோடதுதான் மொதலாளி."

சாம்பலில் உப்பு இருக்கிறது, தம்பிமாரே. ஈரமான சாம்பல் கரண்டைக் கடத்தும். ஒரு பிளக்குக்குப் போக வேண்டிய பொறி என் பட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் பத்து நிமிடத்தில் பட்டை காய்ந்ததும், இல்லை நான் மூடியைத் துடைத்ததும், இருமல் நிற்கும். நான் அப்போது எதைத் தட்டிக்கொண்டிருந்தேனோ அதைத்தான் குணப்படுத்தினேன் என்று நினைத்துக்கொண்டேன். தனியாக ஓட்டும்போது பயமில்லை, பட்டையில்லை, இருமலில்லை. கிழங்குக்கும் அப்படியே. மொதலாளி ஏறினால் பயம், பயந்தால் பட்டை. பயம் கூடக் கூடப் பட்டையும் கூடியது, இருமலும் கூடியது. ஒவ்வொரு தடவையும் பழுதைத் தேடுவதற்கு முன்னால் என் கையாலேயே அதைத் துடைத்தெறிந்துவிட்டுத் தேடியிருக்கிறேன். ஸ்டோரில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? டீசல் எஞ்சினுக்குப் பிளக்கே கிடையாது. அதை விபூதியில் குளிப்பாட்டினாலும் ஓடும்.

"அப்ப டீசல் சாமிக்கும் பெட்ரோல் சாமிக்கும் வித்தியாசம் இருக்கு போல," என்றாள் செல்லாயி.

மொதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்தது.

"சாமியை நான் ஒண்ணும் சொல்லலைப்பா," என்றார் அவர். "இடத்தைத்தான் சொல்றேன்." வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன வெள்ளித் தாயத்து. "எங்க உம்மா கட்டிவிட்டது. பயம் எனக்குத்தானே ராசு? கோழிக்கு என்ன பயம்? அதான் என் கையில கட்டியிருக்கேன்."

அதோடு முடித்திருப்பேன் நான். மூடியை மாற்றினால் போதும் என்று எனக்கு அவசரம். அவர் விடவில்லை. கோழியைத் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி சவுக்கு மரத்தில் கட்டினோம். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு புது மூடிகளில் ஒன்றைப் போட்டு ஓட்டச் சொன்னார். கால் மணி நேரம், இருமல் இல்லை. "இப்பப் பட்டை போடு," என்றார். போட்டேன், அவர் பார்க்க, கூசிக்கொண்டே. இருமியது. துடைத்துக் காயவைத்தோம். நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி இருமியது. அதற்குப் பிறகு அந்த மூடியையும் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டையே பார்க்காத மூன்றாவது மூடியைப் பூட்டினோம். கூப்பிட்டால் வந்து, போ என்றால் போகிற வரைக்கும் பழுதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். என் வேலைக்காலத்தில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. வண்டி எப்போது மக்கர் பண்ணுகிறது என்று கேட்பதோடு, அதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். அப்புத்தளையிலிருந்து ஒரு லொறிக்காரர் இரண்டு வருடம் என்னிடம் நடையாய் நடந்தார், பனிக்காலத்தில் மட்டும் எஞ்சின் தடுமாறுகிறது என்று. கடைசியில் ஒரு நாள் கராஜ் வாசலுக்கு வெளியிலேயே லொறியை மறித்து, பானட்டைத் திறக்காதீர்கள், நானே திறக்கிறேன் என்று முந்திக்கொண்டு திறந்தேன். குளித்த ஈரத்துண்டை எஞ்சின் மேல் காயப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் கராஜுக்குள் நுழைவதற்கு முன், மரியாதையாக, அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாராம்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

பதினோரு மணி இருக்கும். வெயில் வந்துவிட்டது. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மொதலாளி தொப்பியை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ராசு, சரியாயிருச்சா?"

அதே கேள்வி. இந்தத் தடவை கடையில் நின்ற நாலு பேர் இல்லை. ஒரு பெண், இரண்டு மாடு.

"அந்த இருமல் சரியாயிருச்சு மொதலாளி. அதைக் கண்ணால பார்த்தேன். வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"இப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கிண்ணத்தில் மீதியிருந்த விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டேன். என் நெற்றியில். மூன்று விரல் அகலத்துக்கு. "அண்ணே, இப்ப நீங்க இருமாம இருந்தாச் சரி," என்றாள் செல்லாயி.

சுற்றினேன். பிடித்தது. கல்லை எடுத்தேன், கயிற்றை அவிழ்த்தேன், வாலைப் பிடித்தேன். எஞ்சின் உறுமியது. காதைக் கொடுத்தேன். ஒவ்வொரு துடிப்பும் அதனதன் இடத்தில் இருந்தது. மொதலாளி கையைத் தூக்கினார்.

விட்டேன்.

உங்களுக்கெல்லாம் ஒரு உண்மையைச் சொல்கிறேன். ராசண்ணன் ரிப்பேர் பண்ணிய பிளேன் பறந்ததை ராசண்ணன் பார்க்கவில்லை. விட்ட நிமிடமே கண்ணை இறுக மூடிக்கொண்டு புல்லில் மண்டியிட்டுவிட்டேன். சத்தம் முதல் கிரவுண்டைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, மூன்றாவதும் முடிந்தது. பிறகு சத்தம் தரையை விட்டு மேலே வந்தது. இடது பக்கம் போனது, மலைக்குப் பின்னால் தேய்ந்தது, திரும்பி வந்தது, என் தலைக்கு மேலே ஒரு தடவை, இன்னொரு தடவை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் துடிப்புகளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

யாரோ என் தோளை உலுக்கினார்கள்.

"அண்ணே, கண்ணத் தொறங்க. மொதலாளி எறங்கி, ஜும்மாவுக்கு நேரமாச்சுன்னு லொறியில உக்காந்திருக்காரு."

ஒரு தடவைகூட இருமவில்லை.